பெரியவள் நின்ற இடம்

"இது என்னக்கா? யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

பல் தேய்த்துக்கொண்டிருந்த மகனின் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள் இளைய மருமகள், சின்னவள். நாலு வயதுக் குட்டான் வாய் நிறைய நுரையோடு அம்மாவையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

பெரியவள் அப்போது குட்டானின் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். சீப்பு பாதி வழியில் நின்றது.

பெரியவளின் கேபின் அது, ஜன்னல்கூட இல்லை. ஒருவர் சட்டை மாட்ட வேண்டுமானால் இன்னொருவர் கட்டில்மேல் ஏறி உட்கார வேண்டும். அந்தப் பொந்துக்குள் காலை எட்டு மணிக்கு மொத்தக் குடும்பமும் கூடியிருந்தது. மாமியாருக்கு எழுபது வயது நிறைந்ததற்காக மகன்கள் இருவரும் சேர்ந்து ஏற்பாடு செய்த இருபத்தொரு நாள் கப்பல் பயணத்தில் அன்று ஒன்பதாவது நாள். எட்டு நாளும் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போயிற்று. யார் கண் பட்டதோ!

விஷயம் இதுதான். குழந்தைகள் கூடத்தில் விளையாட விடும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு ரப்பர் பட்டை கட்டுவார்கள். அதில் ஓர் எண் இருக்கும். கப்பலில் ஆபத்து என்று மணி அடித்தால், பெரியவர்கள் அவரவருக்குக் குறித்த கூடுமிடத்துக்குப் போய் நிற்க வேண்டும். பிள்ளைகளைத் தேடி யாரும் ஓடக் கூடாது. பட்டையில் எந்த எண் இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கூடத்து ஆட்களே கொண்டுவந்து சேர்ப்பார்கள். பிள்ளைகள் கையில் இதுவரை இருந்தது இரண்டு. இப்போது இருப்பது ஆறு.

ஆறு, பெரியவளின் இடம்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றாள் பெரியவள்.

"அதைத்தான் கேக்கறேன், ஏன்? பெத்தவ நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேன்ல? எனக்குத் தெரியாம என் புள்ளைங்களை உங்க பேர்ல எழுதிக்குவீங்களா?"

"பேர்ல எழுதலம்மா... இடத்தைத்தான்..."

"எல்லாம் ஒண்ணுதான்! ராத்திரி இங்கதான் தூங்கறாங்க. சாப்பாடு நீங்கதான் ஊட்டறீங்க. கதை நீங்கதான் சொல்றீங்க. சரி, பாசமா செய்யறாங்கன்னு பேசாம இருந்தேன். இப்ப இதுவுமா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டே பெருமூச்சு விட்டார். "விடும்மா... இல்லாதவளுக்கு ஆசை இருக்கத்தானே செய்யும்..."

அவ்வளவுதான். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்த ஒரு சொல்லை யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. இன்று மாமியார் சொல்லிவிட்டார்! அதுவும் ஆறுதல் சொல்கிற குரலில்! பெரியவள் சீப்பை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வரவிட மாட்டாள் அவள்.

வாயாடி சட்டென்று திரும்பினாள். "அம்மா, அப்பாதான்..."

"நேரா உக்காரு, வகிடு கோணுது," என்று அவள் தலையைத் திருப்பினாள் பெரியவள்.

வாசலில் சாய்ந்து நின்ற அந்த அப்பா, சின்னவன், கைப்பேசியையே வெறித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆடாது! ஏனென்றால் அந்த மாற்றத்துக்குப் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று கேட்டபோது, கையெழுத்துப் போட்டவன் அவன்தான். கப்பல் ஜிம்மில் ட்ரெட்மில் மேல் வேர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டே, "எங்க அண்ணி போடணும்?" என்று கேட்டுப் படிக்காமல் கிறுக்கினான். மனைவியிடம் சொல்ல மறந்தான். இப்போது சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

ஒரு வார்த்தை போதும். 'உன் புருஷன்தான் கையெழுத்து போட்டார்' என்று பெரியவள் சொல்லியிருந்தால் அத்தனை பேச்சும் அவன் தலையில் போய் விழுந்திருக்கும். சொல்லவில்லை. இரண்டு மாதமாக அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, இந்தக் கப்பலில் ஏறிய பிறகுதான் ஒன்றாகச் சாப்பிட உட்காருகிறார்கள். அதை அவள் தன் கையால் கெடுப்பாளா?

"நான் போய் மாத்திடறேன்," என்றாள் சின்னவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பத்து மணிக்குக் கவுண்டர் திறப்பாங்க. என் புள்ளைங்க என்கிட்டதான் வரணும்."

"தாராளமா மாத்திக்கோ," என்றாள் பெரியவள். குரல் நடுங்கவில்லை. "ஆனா ஒண்ணு. நான் பதினெட்டு வருஷமா ஸ்கூல் பஸ்ல புள்ளைங்களை ஏத்தி இறக்கறவ. ஒரு நாளும் ஒரு புள்ளையும் குறைஞ்சதில்ல. கூடத்துலேர்ந்து உன் இடத்துக்குக் குட்டானை ஒரு தடவை நடத்திக் கூட்டிட்டுப் போய்ப் பாரு. பாத்துட்டு அப்புறம் மாத்து."

"எனக்கு நீங்க பாடம் எடுக்க வேணாம்க்கா!"

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள்.

பிள்ளைகளைக் கூடத்தில் விட்டுவிட்டு வந்து பெரியவள் படுக்கையை மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி?"

"உன் மேல பழி வராது."

"என் மேல வந்தா வந்துட்டுப் போகட்டும். எனக்கு வலிக்கறது அதில்லைங்க... நான் ஆசைப்பட்டு மாத்தினேன்னு நினைச்சுட்டாங்களே! அத்தை கூட!" அவள் தலையணை உறையை உதறினாள். "அந்த ரெண்டாம் நம்பர் அத்தையோட இடம். புள்ளைங்க டிக்கெட் அத்தை ரூம்ல இருந்ததால அப்படிப் போட்டுட்டாங்க. கப்பலோட அந்தக் கோடி. மணி அடிச்சா லிஃப்டை நிறுத்திடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? முட்டி வலியோட அத்தை எப்படிப் போய்ச் சேருவாங்க? சின்னவ இடமும் அதே கோடிதான். என் இடம் கூடத்துக்கு நேர் கீழ. இருபத்திரெண்டு படி. நான் குட்டான் கையைப் பிடிச்சு எண்ணிப் பாத்தேன்."

அவர் எழுந்து வந்தார். அவள் தலையை ஒரு தடவை தொட்டார்.

பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது.

ஏழு தடவை சின்னதாக. ஒரு தடவை நீளமாக. முதல் நாள் ஒத்திகையில் கேட்ட அதே சத்தம். இது ஒத்திகை இல்லை என்று ஒலிபெருக்கி சொன்னது. கீழே சலவை அறையில் புகை. எல்லாரும் அவரவர் கூடுமிடத்துக்கு வரவும்.

"அம்மா!" என்று ஒரே சொல்தான் சொன்னார் மெக்கானிக். அடுத்த நொடி தாயைத் தேடி ஓடிவிட்டார்.

பெரியவளுக்குக் கால் இரண்டும் மேலே ஓடத் துடித்தன. கூடம் ஒரே மாடி மேலே. குட்டான் மணிச் சத்தத்துக்கே பயப்படுவானே! ஆனால் அவள் ஓடவில்லை. பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அவள் ஆயிரம் தடவை சொன்னதுதான். ஆளாளுக்குக் குறுக்கே ஓடினால் பிள்ளைதான் மிதிபடும். நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள், நான் கொண்டுவந்து தருகிறேன். இன்று அவள் நிற்க வேண்டிய முறை.

ஆறாம் இடத்தில் போய் நின்றாள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிக் கட்டினாள். பிள்ளைகள் கண்ணில் முதலில் தான்தான் பட வேண்டும் என்று கூட்டத்தை விலக்கி முன்வரிசைக்கு வந்தாள். மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்ற அந்த நாலைந்து நிமிடம்! அப்பப்பா... எந்தத் தாயும் எந்தப் பிரசவ அறையிலும் அப்படித் தவித்திருக்க மாட்டாள்.

படியில் ஒரு கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக இறங்கினார்கள். முன்னால் ஒரு கூடத்துப் பெண், பின்னால் ஒரு பெண். ஐந்தாவதாக வாயாடி. ஆறாவதாகக் குட்டான். ஒரு காலில் செருப்பு இல்லை.

"பெரியம்மா! நான் தம்பி கையை விடவே இல்ல! அவன் செருப்புதான் போச்சு!"

"செருப்பு போனா போவுது கண்ணு... என் ராஜாத்தி!"

கூடத்துப் பெண் பட்டையைப் பார்த்தாள், பெரியவளின் அட்டையைப் பார்த்தாள், தாளில் குறித்தாள். அவ்வளவுதான், இரண்டும் அவள் கையில். குட்டானின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பெரியவள் ஜாக்கெட் கட்டிவிட்டுக்கொண்டே அவன் காதில் பேசினாள். "இப்ப நாம பஸ்ல இருக்கோம். சிக்னல் விழுந்திருக்கு. பச்சை வந்ததும் போலாம். சரியா?" பக்கத்தில் தாயைக் காணாமல் வீறிட்ட இன்னொரு பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்தாள். அதைப் பார்த்து இன்னும் மூன்று வந்து சேர, ஆறு பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து பச்சை விளக்குக்குக் காத்திருந்தன. சீருடைக்காரர் ஒருவர் கடந்து போகும்போது நின்று பார்த்துவிட்டு, "இப்படி ஒருத்தர் இருந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு வந்தது. புகைதான், தீ பரவவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை.

முதலில் வந்தவள் சின்னவள். வெறுங்கால். தலை அவிழ்ந்து, முகம் வீங்கி, கப்பலின் அந்தக் கோடியிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள். பிள்ளைகள் இரண்டையும் வாரி அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை விடலக்கா... மேல போறேன்னு கத்தினேன், கெஞ்சினேன்... படியை மறிச்சுட்டாங்க. கவுண்டர் வரிசைலதான் நின்னுட்டிருந்தேன். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா மாத்தியிருப்பேன்! எங்க இடத்துக்கு வர்ற வழியெல்லாம் கூட்டம். ஆள் மேல ஆள் விழுந்தாங்க. அதுல எங்க குட்டானைக் கூட்டிட்டு வந்திருந்தா..." அவள் குட்டானின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள்.

பின்னாலேயே சின்னவன் வந்தான். தூக்கில் போடக் கொண்டுவந்தவன் போல் நின்றான். "அண்ணி... அங்க நின்னுட்டிருக்கும்போதுதான் அவகிட்ட சொன்னேன். கையெழுத்து போட்டது நான்தான்னு."

"ஏன்க்கா காலைல சொல்லலை? நான் அவ்ளோ பேசினேனே! நாக்குல நரம்பில்லாம பேசினேனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா அவரைத் திட்டியிருப்ப. புள்ளைங்க முன்னாடி அப்பா திட்டு வாங்கறதுக்குப் பதிலா பெரியம்மா வாங்கினா பரவால்லன்னு தோணுச்சு. எனக்குத் தாங்கற உடம்பு."

அதற்குள் மெக்கானிக் தாயை ஏறக்குறைய தூக்கிக்கொண்டே வந்து சேர்ந்தார். மாமியாருக்கு மூச்சு இரைத்தது. ஆனாலும் உட்கார மறுத்துவிட்டு மூத்த மருமகளின் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டாம் நம்பருக்கு நான் போய்ச் சேர இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சுடி. லிஃப்ட் ஓடலை. இவன் முதுகுல தூக்கிட்டுப் போனான். அதுவரைக்கும் புள்ளைங்க அங்க யாருமில்லாம நின்னிருக்கும்..." அவர் பெரியவளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "இல்லாதவன்னு சொன்னேனே... என் வாயில புண்ணு வர! என்னை மன்னிச்சுடும்மா."

"பெரிய வார்த்தையெல்லாம் பேசாதீங்க அத்தை. உக்காருங்க முதல்ல."

"இல்ல, நீ சொல்லு. கோவமா?"

பெரியவள் நிமிர்ந்தாள். "கோவம் இல்ல அத்தை. வருத்தம் இருக்கு. எனக்குப் புள்ளை இல்லைன்னு நான் எங்கேயும் கை நீட்டி நின்னதில்ல. தினம் நாற்பத்தோரு புள்ளைங்களை அவங்கவங்க வாசல்ல பத்திரமா இறக்கி விட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வர்றவ நான். அடுத்தவங்க புள்ளையைக் கொண்டுபோய் சேக்கத்தான் எனக்குத் தெரியும். எடுத்துக்கத் தெரியாது."

 மெக்கானிக் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மூக்கை உறிஞ்சினார்.

சின்னவள் சடாரென்று எழுந்து காலில் விழக் குனிந்தாள். பெரியவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "கப்பல் ஆடற ஆட்டத்துக்கு நீ விழுந்தா நானும் சேந்து விழுவேன். எந்திரி."

கண்ணீரோடு சிரிப்பு வந்துவிட்டது சின்னவளுக்கு. முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். பிறகு பெரியவளின் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எங்கே என்று கேட்டும் சொல்லவில்லை. குடும்பமே பின்னால் நடந்தது. குட்டான் மட்டும் ஒற்றைச் செருப்போடு அப்பா தோளில்.

கவுண்டர் பெண்ணுக்கு, காலையில் திறக்கும் முன்பே வரிசையில் நின்று கத்தியவளின் முகம் மறக்கவில்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். "குழந்தைங்க இடத்தை மாத்தணும்னு சொன்னீங்களே... எந்த நம்பர்?"

"புள்ளைங்க இருக்கற இடத்துலயே இருக்கட்டும்," என்றாள் சின்னவள். தன் அட்டையை மேசைமேல் வைத்துத் தள்ளினாள். "என்னை மாத்துங்க. எங்க அக்கா நிக்கற இடத்துல எனக்கும் ஒரு இடம் போடுங்க."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் பெரியவளுக்கு உடைந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று சின்னவள் பதறி அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்புக்குள்ளிருந்தே, பஸ் படியில் நின்று பேசுகிற அதே குரலில் சொன்னாள் பெரியவள்:

"என் இடத்துக்கு நேரத்துக்கு வந்து நிக்கணும். லேட்டா வந்தா பேச்சு வாங்கணும்... சொல்லிட்டேன்!"

"வாங்கிக்கறேன்க்கா," என்றாள் சின்னவள்.