குழலியை அழைக்கும் குரல்

காலையில் எழுந்ததும் மதுரையே முதலில் கழுத்தில் குரல்பட்டையை மாட்டிக்கொள்ளும். பல் துலக்குவதெல்லாம் அப்புறம்தான். வீட்டுக் கதவு முதல் விமானம் வரை பட்டையின் பேச்சுக்குத்தான் கட்டுப்படும். யார் எதைச் சொன்னாலும் உலக ஒலிப்பேழையில் உள்ள ஒலிகளில் வார்த்துத்தான் பட்டை வெளியே விடும். பல மொழிகளுக்கும் பொதுவான ஒலிகளுக்கே பேழையில் இடம். விரல்விட்டு எண்ணக்கூடிய மொழிகளில் மட்டும் வாழ்கிற ழகரத்தை யார் சீந்துவார்கள்?

வீட்டுக்குள் வந்ததும் மற்றவர்கள் பட்டையைக் கழற்றிவிடலாம். மாசிலாமணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். இனி அவர் வாயசைக்க, பட்டை பேசினால்தான் பேச்சு. அது அவருடைய மனைவியைக் ‘குரலி’ என்றது.

பிறந்த வீட்டிலேயே அவளைக் ‘குளலி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அலுவலகத்திலும் அதே கதைதான். கல்யாணமான அன்று இந்த மனுஷன்தான் நாக்கை மடித்துக் குழலி என்று முழுசாகச் சொன்னார். அன்றைக்குத்தான் தனக்குப் பெயர் வைத்ததாக அவளுக்குத் தோன்றியது.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் பெயர் சொல்வதையே விட்டுவிட்டார். முதலில் “இந்தா”, “இங்க பாரு” என்றார். பிறகு அதுவும் நின்று, வெறும் தலையாட்டலானது.

“குரலின்னே கூப்பிடுங்களேன். என்ன கொறஞ்சுபோச்சு?”

“அது யாரோ. நீயில்ல,” என்றது பட்டை.

மனுஷன் இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று குழலி பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாடி மழிக்கப் பட்டையைக் கழற்றிவைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார். துண்டை மறந்து போவதும், அங்கிருந்தே அவளை ஏவுவதும் கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பழக்கம். கழுத்தில் பட்டை இல்லாததை மறந்து, பழக்கதோஷத்தில் வாயசைத்தார். தாடைக்கடியில் அழுந்தியிருந்த ட்ரிம்மரின் அதிர்வு சதைவழியே வாய்க்குள் ஏறி, மடிந்த நாக்கைச் சுற்றி வெளியே வந்தது.

“குழலி.”

டப்பாவுக்குள் மாட்டிய வண்டின் குரல்தான். ஆனால் ழகரம் பிசகவில்லை. குரல்வளையைத்தானே எடுத்திருந்தார்கள், நாக்கு அவருடையதாகவே இருந்தது.

தோசைக்கரண்டியோடு ஓடிவந்தாள் குழலி. பாதி மழித்த முகத்தோடு அவர் திகைத்து நின்றார்.

“இன்னொருக்கா சொல்லுங்க.”

ட்ரிம்மரைக் கழுத்தில் வைத்துச் சொன்னார். அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலையிலும் ட்ரிம்மர் சத்தம் கேட்டது. மழிப்பதற்கு அவர் முகத்தில் ஒரு முடிகூட மிச்சமில்லை. குழலி அடுக்களையில் நின்றுகொண்டு, முதல் அழைப்புக்கு வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தாள்.