ஜன்னல் இல்லாத திரைச்சீலைகள்

எங்கள் எதிர்வீட்டில் ஜன்னல்கள் மொத்தம் நான்கு. திரைச்சீலைகளோ பதினொன்று.

இதை நான் வேலை மெனக்கெட்டுப் போய் எண்ணவில்லை. அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது, என் கண்ணும் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

அது ஒரு தையல்காரரின் வீடு. ரொம்பப் பழைய வீடு. வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டி ஒரு மாதம் ஆகிவிட்டது. அவர் மனைவி நர்ஸ். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து முன்னாலேயே போய்விட்டார். பள்ளி திறக்கும்போது மகளும் அங்கே போய்விடுவாள். தையல்காரர் மட்டும் வீடு விற்கும்வரை இங்கேயே காவல். பழைய வீட்டைச் சும்மா பூட்டிப் போட்டால் மழையும் திருடனும் போட்டி போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட மாட்டார்களா?

மகளுக்குப் பத்து வயது. எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வருவாள் என்பதால் தெருவே அவளை 'அணில்' என்றுதான் கூப்பிடும்.

"பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பன்னெண்டு நாள்தான் அத்தை," என்றாள் ஒருநாள், என் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு. "அதுக்குள்ள வீடு வித்துட்டா அப்பாவும் என்கூட வருவார். இல்லேன்னா நான் மட்டும் போகணும்."

எனக்குப் பாவமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அது கெடக்கட்டும், என்ன விலை சொல்றார் உங்கப்பா?" என்று கேட்டேன்.

வீட்டில் ஏதாவது பழுதானால் நீங்களும் நானும் கொத்தனாரைக் கூப்பிடுவோம். தையல்காரர் அளவுநாடாவைத்தான் எடுப்பார். சுவரில் விரிசலா? ஒரு திரைச்சீலை. காரை பெயர்ந்துவிட்டதா? இன்னொரு திரைச்சீலை, அதுவும் ஓரத்தில் பூவேலையோடு!

முதலில் வீடு பார்க்க வந்தவர் ஒரு பேங்க் மேனேஜர்.

"பரவாயில்லையே, நெறைய ஜன்னல் இருக்கே!" என்று மகிழ்ந்துபோய், கூடத்துத் திரை ஒன்றைச் சர்ரென்று இழுத்தார்.

ஜன்னலைக் காணோம். சுவர்தான் இருந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை மின்னல் வெட்டினாற்போல ஒரு விரிசல்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதறிப்போய் அடுத்த திரையை இழுத்தார். அங்கே ஒரு குழி. கொண்டுவந்த குடையைக்கூட மறந்துவிட்டு, அவர் தெருமுனை வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனதை நான் பார்த்தேன்.

அடுத்து வந்தவர்கள் கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும். உள்ளே நடந்ததை அணில்தான் பிறகு எனக்கு நடித்தே காட்டினாள். படுக்கையறைக் கூரை ஒழுகும். அதை மறைக்கத் தையல்காரர் நீலத் துணியில் நட்சத்திரம் தைத்துக் கூரைக்குக் கீழே இழுத்துக் கட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதல்நாள் நல்ல மழை. துணியின் நடுவில் தொப்பை விழுந்திருந்தது.

"இது என்னங்க, குண்டா தொங்குது?" என்று கேட்ட அந்த அம்மாள், மேனேஜர் விட்டுப்போன குடையை எடுத்து ஒரு குத்து குத்தினார்.

தொப்! நட்சத்திரங்களோடு சேர்ந்து ஒரு வாளித் தண்ணீரும் அவர் தலையில் இறங்கியது. அவர் போட்ட கூச்சலில் என் கையிலிருந்த கரண்டியே கீழே விழுந்துவிட்டது.

இப்போது மிச்சம் இருந்தது ஐந்தே நாள்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பலகை மாட்டிய அன்று, "தம்பி, பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல பூந்து குழாயைக்கூட விடாம கழட்டிட்டுப் போயிட்டாங்களாம்," என்று அவரிடம் சொன்னது நான்தான். சும்மா காதில் போட்டுவைத்தேன். அவரோ மறுநாளே வாசல் கதவில் ஏழு பூட்டு போட்டுவிட்டார். ஏழாவது, சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். பின்கதவுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர் பஸ் ஓட்டும் பெண். காக்கிச் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. சர்க்கரை வாங்கும் சாக்கில் கையில் கிண்ணத்தோடு நான் ஏற்கெனவே உள்ளே இருந்தேன். அணிலும் இருந்தாள்.

"நான் பாதி நாள் வண்டியிலதான் இருப்பேன். வீடு பத்திரமா இருக்குமா?" என்று கேட்டார் டிரைவர்.

தையல்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பத்திரமாவா? இப்பப் பாருங்க!" என்று கதவைப் படாரென்று சாத்தினார். "இனிமே ஒரு ஈ, எறும்புகூட நுழைய முடியாது!"

"நல்லது. சரி, தெறங்க. மத்த அறையெல்லாம் பாத்துட்டு நான் கெளம்பணும். நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்."

தையல்காரர் சட்டைப் பையைத் தடவினார். பிறகு கால்சட்டைப் பையை. பிறகு அவர் முகம் வெளுத்துப்போனது.

"சாவிக்கொத்து... வெளியில கதவுலயே தொங்குது."

எங்கள் எல்லோருக்கும் பகீரென்றது. நான்கு ஜன்னலிலும் கம்பி. பின்கதவில் ஆணி. பூட்டுக்காரருக்குப் போன் செய்தால், "ஆறு மணிக்குத்தான் வர முடியும்," என்றார். ஜன்னல் வழியே கத்திப் பார்த்தோம். தெருவில் ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. எப்போதும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் நான். அந்த நானே உள்ளே மாட்டிக்கொண்டிருந்தேன்!

"நான் போகலைன்னா அந்த வண்டி போகாதே," என்று டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்காக ஆஸ்பத்திரிக்குப் போறவங்கல்லாம் நிப்பாங்க."

அணில் அப்பாவைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு கரண்டியை எடுத்து வந்தாள்.

"அப்பா, திட்டக் கூடாது," என்றாள்.

சமையலறை ஜன்னலின் கம்பிச் சட்டத்தில் கரண்டிக் காம்பைக் கொடுத்து ஒரு நெம்பு. அவ்வளவுதான்! சட்டம் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்திருந்த திருகாணிகள் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. அவள் வழுக்கிக்கொண்டு வெளியே போய், வீட்டைச் சுற்றி ஓடி வந்து, வாசல் கதவைத் திறந்தாள்.

தையல்காரர் திறந்த வாயை மூடவில்லை. "எத்தனை நாளா இப்படி?"

"ஒரு மாசமா. நீங்க கடையில இருப்பீங்க. ஏழு சாவில எது எதுக்குன்னு எனக்குத் தெரியலப்பா. அதான் இந்த வழியா வருவேன்."

ஏழு பூட்டு போட்ட வீட்டில் ஒரு கரண்டியால் புகுந்துவிடலாம்! எனக்கோ இன்னொரு அதிர்ச்சி. இந்தச் சங்கதி ஒரு மாதமாக எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. என்ன செய்வது, அது வீட்டின் பின்பக்கம்.

இந்த டிரைவரும் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மணி பார்த்தார். இடுப்பில் கை வைத்தார். "சரி. வேற என்னென்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க!" என்றார் தையல்காரர். மகளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

அணில் அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பிறகு, "இருக்கு," என்றாள்.

கூடத்துக்குப் போய் ஒவ்வொரு திரையாக இழுத்துவிட்டாள். விரிசல், குழி, ஈரக்கறை, எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டன. தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சர்க்கரைக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அவள் உள்ளே ஓடி, ஒரு பள்ளி நோட்டைக் கொண்டுவந்து டிரைவரிடம் நீட்டினாள். அவர் வாய்விட்டுப் படித்தார்.

"'குளியலறைக் குழாயை இடதுபக்கம் திருப்பினால்தான் மூடும். கூடத்து சுவிட்சைப் போட்டால் சமையலறையில் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். மழை வந்தால் பச்சை வாளி கட்டில் பக்கத்தில், சிவப்பு வாளி அலமாரி மேல். மாற்றி வைத்தால் வழிந்துவிடும்.' அட! 'பெரிய விரிசலின் நுனியில் மாதாமாதம் பென்சிலால் கோடு போட்டேன். ஒன்பது மாதமாக வளரவில்லை.'"

டிரைவர் சுவரருகே போய்க் குனிந்து பார்த்தார். விரிசலின் நுனியில் ஒன்பது கோடுகள், ஒன்றையொன்று ஒட்டி, ஒரே இடத்தில்.

"இதையெல்லாம் எதுக்கும்மா எழுதி வச்சே?"

"நான் போயிட்டா அப்பா தனியா இருப்பார். அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. ராத்திரி மழை பெஞ்சா எந்த வாளின்னு கேக்க நான் இருக்க மாட்டேன்ல. அதான்."

தையல்காரர் சட்டென்று திரும்பி, பக்கத்தில் தொங்கிய திரையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் இல்லாத அந்தத் திரைச்சீலை அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உபயோகப்பட்டது.

டிரைவர் நோட்டை மூடினார்.

"நான் இதுவரைக்கும் பத்து வீடு பாத்துட்டேன். பத்துலயும் ஒரு குறைகூட இல்லைன்னாங்க. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. நான் ஓட்டுறது பழைய பஸ்ஸுங்க. ரெண்டாவது கியர் மொரண்டு பிடிக்கும்னு தெரிஞ்சா ஓட்டிடுவேன். எது எப்ப மொரண்டு பிடிக்கும்னு தெரியாத வண்டியத்தான் தொட மாட்டேன்."

"அப்படின்னா?" தையல்காரரின் குரல் பாதிதான் வெளியே வந்தது.

"கூரையும் ஜன்னலும் சரி பண்ற செலவை வெலையில குறைச்சுக்குங்க. வீடு எனக்கு. ஆனா இந்த நோட்டும் வீட்டோட சேத்தி!"

அணில் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில், மிச்சமிருந்த காரையும் கொஞ்சம் உதிர்ந்தது. ஐந்தாம் நாள் அப்பாவும் மகளும் தையல் மெஷினோடு ஒரே வண்டியில் கிளம்பிப் போனார்கள். பதினொரு திரைச்சீலைகளும் கூடவே போயின. புது வீட்டில் எத்தனை ஜன்னலோ!

டிரைவர் குடிவந்த மறுநாளே நான் அந்த நோட்டைப் பார்க்கப் போனேன். சும்மா, ஒரு ஆர்வம்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் தூக்கிவாரிப்போட்டது.

'எதிர்வீட்டு அத்தை: காலை ஆறு மணியிலிருந்து ஜன்னலில் இருப்பார். பழுது இல்லை. ஏழு பூட்டைவிட நல்ல பூட்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி இவரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும்.'

பூட்டாமே, நான்! எவ்வளவு வாய் அந்தப் பொடிசுக்கு!

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினார். "வண்டிக்கு நேரமாச்சு அக்கா. வீட்டைப் பாத்துக்கறீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்ததும் முதல் வேலையாக ஜன்னல் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை, அந்த வீட்டின் பின்பக்கமும் கொஞ்சம் தெரிகிற மாதிரி.