புதினா மிட்டாயும் அரை மணி நேரமும்

முதல் பார்வையிலேயே காதல் வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவளுக்கு வந்தது எரிச்சல். எச்சில் பிடிக்கும் குழாயை நீட்டிய கையை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வாயில என்ன?”

“புதினா மிட்டாய்...”

“எச்சில் கொடுக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வாயில எதுவும் போடக்கூடாதுன்னு வாசல்லயே ஒட்டியிருக்கோமே. துப்பிட்டு வெளியில உட்காருங்க.”

மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாகிறவர்களின் மரபணுவில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பல நாட்டு மக்களிடமும் தேடுகிற ஆய்வகம் அது. மாதிரி சேகரிப்பது அவள் வேலை. அடிமையானவர்களின் பிள்ளைகளும் மாதிரி கொடுக்க வருவார்கள். புதினா மிட்டாயோடு வந்த இந்த லிஃப்ட் மெக்கானிக்கும் அப்படி வந்தவன்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அரை மணி கழித்து உள்ளே வந்தவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். கோபமே தெரியாத கண்கள்... அப்பா குடித்தே செத்தாராம். அதிலிருந்து போகிற இடமெல்லாம் இவன் வாயைத்தான் மோந்து பார்க்கிறார்களாம். அதனால்தான் எப்போதும் புதினா. மழையைப் பற்றிப் பேசுவதுபோல அவன் சாதாரணமாகச் சொல்ல, அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவனைப் போய் விரட்டினோமே...

“நீங்க இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா எச்சில் வராதுங்க.”

“புளிப்பா எதையாவது நினைச்சுக்கோங்க.”

“உங்க கோபத்தை நினைச்சுக்கறேன்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அதன்பிறகு அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. பழுது பார்க்க அவனே வந்தான். லிஃப்ட் வாசலில் நின்று அவளும் அவனும் பேசாத பேச்சில்லை, அந்த ஒரு வார்த்தையைத் தவிர. கடைசியில், வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பேசச் சொன்னாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

வந்தவனின் கையைப் பிடித்து வரவேற்ற அண்ணன், அப்படியே முகத்தருகே குனிந்து மூக்கை உறிஞ்சினான். எதை மறைக்க இந்தப் புதினா என்று கேட்டான். அவன் அப்பாவைப் பற்றித் தங்கை முன்பே சொல்லியிருந்ததால், குடிகாரன் ரத்தம் எங்கே போகும் என்றும் கேட்டான்.

வந்தவன் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அவளிடம் சொன்னான்.

“எனக்கே அந்தப் பயம் இருக்குங்க. என் ரிசல்ட் வந்தா சொல்லுங்க... அதுவரைக்கும் நாம பார்த்துக்க வேண்டாம்.”

மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனிடம் திரும்பினாள்.

“எத்தனையோ நாட்டுக்காரங்க எச்சில் எங்ககிட்ட இருக்குண்ணா. நிறம் வேற, பாஷை வேற. ஆபத்தைக் கூட்டற மரபணுக்கள்ல நிறைய எல்லார்கிட்டயும் ஒண்ணாத்தான் இருக்கு. உன்கிட்டயும் இருக்கும், என்கிட்டயும் இருக்கும். நம்ம வாயை எவனாவது மோந்து பார்த்தானா?”

“இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதே.”

“வருவேன். அவரோட வருவேன். நீ கதவைத் திறக்கறவரைக்கும் மணி அடிப்பேன்.”

பஸ் நிறுத்தத்தில் அவன் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். மிட்டாயோடு வெளியே வந்த கையை நனைந்த விரல்களால் பிடித்தாள்.

“ரிசல்ட்டைத் தனித்தனியா யாருக்கும் சொல்ல மாட்டோம். சொன்னாலும் அதுல ஆபத்து எவ்வளவுன்னுதான் இருக்கும். நீங்க எப்படி வாழப்போறீங்கன்னு இருக்காது.”

“நாளைக்கு நானும் அப்பா மாதிரி ஆயிட்டா...?”

“டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன், உங்களோட சேர்ந்து சண்டை போடுவேன். அதுக்காக இன்னைக்கே தோத்துப்போகணுமா?”

“நான் இதுவரைக்கும் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லைங்க...”

“நான் கேட்கவே இல்லையே.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். குடிப்பாயா என்று அவனைக் கேட்காமல் இதுவரை யாரும் விட்டதில்லை. கையிலிருந்த மிட்டாயைக் குப்பைத்தொட்டியில் போட்டான். பையிலிருந்த பொட்டலத்தையும் எடுத்துப் போட்டான்.

“வெளியில உட்காருங்கன்னு விரட்டினீங்களே... அன்னைக்கே உங்களைப் பிடிச்சுப்போச்சு.”

“எனக்கு அரை மணி நேரம் கழிச்சு,” என்றாள் அவள். “வாங்க, போய் மணி அடிக்கணும்.”