கிழக்கு கேலரி விருந்தாளிகள்

உலகமே வந்து பந்து விளையாடிவிட்டுப் போன மைதானம் அது. போட்டி முடிந்தபின் அங்கே ஈ காக்கை இல்லை. மேனேஜர் அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். கட்டும்போது சூப்பர்வைசராக இருந்தவரும் அவர்தான். கிழக்கு கேலரியில் சாரம் சரிந்து கூலியாட்கள் அஸ்திவாரக் குழிக்குள் விழுந்தபோது, திறப்பு விழா தள்ளிப்போகுமே என்று, எட்டிக்கூடப் பார்க்காமல் மேலே கான்கிரீட் கொட்டச் சொன்ன மகானும் அவர்தான். ஓடிப்போய்விட்டார்கள் என்று வீட்டாருக்குச் சொல்லியனுப்பினார். அன்றைக்கும் நன்றாகத்தான் தூங்கினார்.

இன்று அவருடைய ஒரே மகளின் கல்யாண வரவேற்பு. சம்பந்தி பெரிய இடம். ஊரே திரண்டு வரும் என்று அவரிடம் மேனேஜர் வாய் கிழிய அளந்திருந்தார். வந்ததோ முன்வரிசைகூட நிறையாத கூட்டம். மனிதரை யாருக்கும் பிடிக்காது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. சம்பந்தி முகம் சுளித்தால் மகள் வாழ்க்கை என்னாகுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் பாசம் என்று ஒன்று இருந்தால், அது அவள்மேல்தான்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

டக்.

கிழக்கு கேலரியில் ஒரு நாற்காலி இறங்கியது. ஆள் உட்கார்ந்தால்தான் இறங்கும், எழுந்தால் தானே மடிந்துகொள்ளும் நாற்காலி.

ஆள் இல்லை.

டக். டக். பிறகு வரிசை வரிசையாக. ஈரச் சிமெண்ட் வாடை மைதானம் முழுக்கப் பரவியது.

"காத்து," என்றார் மேனேஜர், யாரும் கேட்காமலே.

சம்பந்தி திரும்பிப் பார்த்து மலர்ந்தார். "அடேயப்பா! சும்மா அளக்கிறீங்கன்னு நெனச்சேன் சம்பந்தி. எவ்வளவு கூட்டம்! ஏன் எல்லாரும் ஹெல்மெட்டோட வந்திருக்காங்க?"

மேனேஜர் கேலரியை உற்றுப் பார்த்தார். அவர் கண்ணுக்கு மட்டும் யாரும் படவில்லை.

நாற்காலிகள் மடிந்தன. எழுந்துவிட்டார்கள்.

மேடையில் மகள் சிரித்தபடி வெறுங்காற்றோடு கைகுலுக்கினாள். அவள் விரல்கள் சாம்பல் நிறமாயின. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை.

மேனேஜர் விழுந்தடித்து மேடையேறினார். "அம்மாடி, கையை எடு!"

"விட மாட்டேங்கிறாருப்பா. கை மரத்துப்போகுது." அவள் யாரையோ கேட்டுவிட்டுக் கிசுகிசுத்தாள். "‘அவங்க ஓடிப்போகல'ன்னு நீங்க மைக்ல ஒரு வார்த்தை சொன்னா விட்டுடறாராம். சொல்லுங்கப்பா."

சாம்பல் தோளுக்கு ஏறியது.

மேனேஜர் மைக்கை எடுத்தார். கீழே சம்பந்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பெருமையாக.

"எல்லாரும்..." சம்பந்தியைப் பார்த்தார். "எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

மகள் பக்கம் திரும்பினார். அவள் சிரித்த முகம் சிரித்தபடியே கான்கிரீட்டாய் இறுகியிருந்தது.

ஆளில்லாத கேலரி விடாமல் கைதட்டியது.