அக்காவின் பிடில்

செடி வந்து இறங்கியது ஒரு மத்தியான வேளையில். லிஃப்ட் வழக்கம்போல மக்கர் பண்ணியிருந்ததால், அத்தான் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தார்.

"இனிமே நீதாம்மா இதப் பாத்துக்கணும். என்னால முடியல," என்றார்.

"ஏன் அத்தான்? நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கு. அதான்," என்றவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் அவள் 'சின்னவள்'. நிறைமாதமாகி மூச்சு வாங்க நிற்கும்போதும் சின்னவள்தான். அந்தப் பெயரை வைத்தவள் அக்கா. மாரடைப்பில் அவள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆள் உயரச் செடி. ஃபிடில் லீஃப் ஃபிக் என்று நர்சரிக்காரர் சொன்ன பெயர் அக்காவின் வாயில் நுழையாமல் 'பிடில்' ஆகிவிட்டது. வாத்தியத்தைப் போலவே இடை சிறுத்த, தோல் மாதிரி கெட்டியான இலைகள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையைச் செடியிடம் தீர்த்துக்கொள்கிறாள் என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அக்கா காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவள் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒவ்வொரு இலைக்கும் அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு ஈரத்துணியால் துடைப்பாள். அடுத்து, வெளிச்சத்தின் பக்கமே சாய்ந்து கோணிவிடக் கூடாதென்று தொட்டியைக் கால் வட்டம் திருப்புவாள். அப்புறம் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுவாள். "வீட்டுக்குள்ள காத்து ஏது? ஆட்டிவிட்டாத்தான் உடம்பு திடமாகும்," என்பாள். கடைசியில் கத்தரிக்கோல். பச்சைப் பிடி போட்ட சின்னக் கத்தரிக்கோல், எப்போதும் தொட்டி மண்ணில் குத்தி நிற்கும். வெட்டுவதிலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.

"ஒரே நாள்ல எல்லாத்தையும் வெட்டினா அது பயந்துடும். பாதி இன்னைக்கு, மீதி நாளைக்கு."

சின்னவளின் வயிற்றைத் தடவி அக்கா கடைசியாகச் சொன்னதும் இந்தக் குரலில்தான். "பொறக்கட்டும். உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வந்து பாத்துக்கறேன்."

பெண் குழந்தை பிறந்தது. செடி, மண்ணில் குத்திய கத்தரிக்கோலோடு, படுக்கையறை ஜன்னலோரம் நின்றது. கைக்குழந்தைக்காரிக்குத் தலைவார நேரமில்லை, செடியை யார் பார்ப்பது? ஆனாலும் இலைகள் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் பளபளத்தன.

"நீங்களா தொடச்சீங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"என் கண்ணாடியத் தொடைக்கவே எனக்கு நேரமில்ல," என்றான் அவன்.

பிறகு ஒரு மத்தியானம். குழந்தைக்குச் சளி என்று ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, ஃபேனையும் நிறுத்தியிருந்தாள். அரை இருட்டில் கண்ணயர்ந்தவளை ஒரு சரசரப்பு எழுப்பியது. கெட்டியான இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். செடி ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடுவது போலத் தாறுமாறாக இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நிதானமாக. ஈர மண் வாசனையோடு அக்காவின் எலுமிச்சை சோப்பு வாசனையும் வந்தது.

"அக்கா?" என்றாள் மூச்சுக் குரலில்.

ஆட்டம் நின்றது.

அழுகைதான் முதலில் வந்தது. அக்காவை அவ்வளவு பிடிக்கும். அப்புறம், பக்கத்தில் தூங்கும் குழந்தையைப் பார்த்ததும் பயந்துபோய் வாரி அணைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே செடியை வெளியே வைக்கச் சொன்னாள்.

"இடம் மாத்தினா எல கொட்டிடும்னு உங்க அக்கா சொல்வாங்களே," என்றான் கணவன்.

"கொட்டட்டும்."

வாசலுக்கு வெளியே, மாடிப்படித் திருப்பத்தில் நின்ற செடி, அக்கா சொன்னபடியே இலைகளைக் கொட்டியது. அந்த வாரத்துக்குள் ஒற்றைக் குச்சியாகிவிட்டது. வீடு அமைதியானது. சின்னவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது அவளுக்கிருந்த ஒரே கவலை குழந்தையின் நகம். பிஞ்சு நகம் பிளேடு போலக் கன்னத்தைக் கீறியது. வெட்டப் பயம். சதையோடு வெட்டிவிட்டால்? இரண்டு கைக்கும் துணிக் கையுறை மாட்டிவிட்டு நாளைக் கடத்தினாள்.

ஒருநாள் பால் கொடுக்கத் தூக்கியபோது குழந்தையின் முகம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தாள். வியர்வை எலுமிச்சை மணக்காது என்று பிறகுதான் தோன்றியது.

மறுநாள், ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுக்கவைத்த குழந்தை, கட்டிலின் குறுக்கே கிடந்தது. புரளவே தெரியாத குழந்தை.

கால் வட்டம்.

அதற்கடுத்த நாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டில் அசையவில்லை. குழந்தை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நிதானமாக. இடுப்பில் இரண்டு கை பிடித்த மாதிரி சட்டை கசங்கியிருந்தது. குழந்தை மேலே பார்த்துச் சிரித்தது.

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. செடி இருந்தவரை அந்தக் கைகளுக்கு வேலை இருந்தது. அந்த வேலையைப் பிடுங்கி வெளியே வைத்தது அவள்தான்.

துடைத்தாயிற்று. திருப்பியாயிற்று. ஆட்டியாயிற்று.

அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. கத்தரிக்கோலை எடுத்துத் தூர எறிந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. வாசலைத் திறந்து படித்திருப்பத்துக்கு ஓடினாள். மொட்டைத் தண்டு நின்றது. காய்ந்து வெடித்த மண்ணில், கத்தரிக்கோல் குத்தி நின்ற இடத்தில் ஒரு கீறல் மட்டும் இருந்தது.

உள்ளே குழந்தையின் சத்தமே இல்லை.

திரும்பி ஓடிவந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்து, கன்னம், காது என்று எல்லா இடத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ரத்தம் இல்லை. வலது கையுறை மட்டும் கழற்றி, மடித்து, தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கையின் நகங்கள் அத்தனையும் சதையில் படாமல் வட்டமாக வெட்டப்பட்டிருந்தன. வெள்ளை விரிப்பில் கொஞ்சம் மண் சிந்தியிருந்தது.

"போதும்க்கா," என்று தேம்பினாள். "மீதிய நான் வெட்டிக்கறேன். நீ போயிடுக்கா."

சோப்பு வாசனை மட்டும் சற்று நேரம் அறையில் நின்றது.

கணவன் வந்ததும் இரண்டு பேரும் மெத்தையைப் புரட்டி, பீரோவை நகர்த்தி, தொட்டி மண்ணைக்கூடக் கொட்டித் தேடினார்கள். கத்தரிக்கோல் எங்கேயும் கிடைக்கவில்லை.

குழந்தையின் இடது கையில் கையுறை அப்படியே இருந்தது.