சத்தமில்லாத மேசை

நிர்மலாதேவி பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் இருந்து இறங்கிப் பள்ளிக்குள் நுழைந்தபோது, சித்தேரி மலையை மேகம் மூடியிருந்தது. நூலகப் பொறுப்பு அன்றிலிருந்து அவளுடையது.

அதை இனி நூலகம் என்று சொல்லக்கூடாதாம். 'கூடிக் கற்கும் அறை'. இரும்பு பீரோக்களை ஓரங்கட்டி, வட்ட மேசைகளும் வண்ண நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். சுவரில் பெரிய திரை. ஆனால் புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் பழைய காகிதத்தின் புழுக்க வாடை போகாமல் கிடந்தது.

"முன்ன இருந்த லைப்ரரியன் குப்புராஜ் சாரு, பக்கம் பொரட்டுற சத்தம் கேட்டாக்கூட மொறைப்பாருங்க," என்றார் மேசைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் சென்னப்பன். "அந்த ஜன்னலோரம் ஒக்காந்தபடியேதான் உசுரு போச்சு. அங்க மேசை வேணாம்னேன். யாரு கேட்டாங்க?"

நிர்மலாதேவி சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

முதலில் வந்தவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அறை சந்தை மாதிரி இரைந்தது. பேசிப் பேசிப் படிக்கச் சொன்னதே அவள்தான்; அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஜன்னலோர மேசையில் கலைமதி என்ற சிறுமிதான் கையை ஆட்டி ஆட்டி, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

நிர்மலாதேவி அருகில் போனாள்.

அங்கே சத்தமே இல்லை.

பிள்ளைகளின் வாய்கள் அசைந்தன. கலைமதி சிரித்தாள், பல் தெரிந்தது, சிரிப்பு கேட்கவில்லை.

"கலைமதி!"

தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை. பின்கழுத்தில் யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள்.

பிள்ளைகளைப் பிடித்து வெளியே இழுத்தாள். வாசலைத் தாண்டியதும் மற்றவர்களின் அழுகை பீறிட்டது. கலைமதி மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"பயத்துல தொண்டை அடைச்சிருக்கும்," என்றார் தலைமையாசிரியர் சந்திரமோகன். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். வயலில் இருந்து ஓடிவந்த அம்மா காவேரி, மகளின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "காலைல வூட்ல பாடிக்கிட்டேதானுங்க கெளம்புனா, டீச்சர்."

அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் நிர்மலாதேவி தனியாக அந்த அறைக்குள் போனாள். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள்.

'ஐயா, பேசச் சொன்னது நான்தாங்க. என் குரலை எடுத்துக்குங்க. புள்ளைய விட்டுடுங்க.'

உதடுகள் மட்டுமே அசைந்தன.

எதிர் நாற்காலி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. யாரோ எழுந்து நிற்பதைப் போல.

ஓடி வந்துவிட்டாள்.

மறுநாளே மேசைகளை அகற்றி, பீரோக்களைப் பழைய இடத்திலேயே வைத்து, அறையைப் பூட்டினார்கள். கலைமதிக்குப் பேச்சு வரவில்லை. ஆனாலும் பள்ளிக்கு வந்தாள். தினமும் மாலையில் நிர்மலாதேவியே அவள் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போவாள்.

ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். இருவரும் பூட்டிய அறையைக் கடந்தார்கள்.

"மிஸ்..."

நிர்மலாதேவி சட்டெனக் குனிந்து கலைமதியின் முகத்தைப் பார்த்தாள். இறுக மூடிய உதடுகள். கண்களில் நீர். அவள் பார்வை பூட்டிய கதவின் மேலேயே இருந்தது.

கதவுக்கு உள்ளே இருந்து அதே குரல், கிசுகிசுப்பாக:

"மிஸ், வூட்டுக்குப் போகணுங்க மிஸ். சாரு விடமாட்டேங்கறாரு."