எட்டடி உயரத்துப் பளபளப்பு

"நடங்க, நடங்க! நாலு மணி வெயில் சாயறதுக்குள்ள பாறையைப் பிடிச்சாகணும்!"

கத்திக்கொண்டே காட்டாற்றில் முதல் ஆளாக இறங்கினான் சிகாமணி. நிலவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கல்லூரி நூலகத்தில் கிடந்த பழைய நில அளவைக் குறிப்பேட்டில் அவன் கண்ட ஒரு வரிதான் இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம்: 'சுனைக்கு அருகில் ஒரு பாறை, மாலை வெயிலில் வெள்ளியாக மின்னுகிறது.' வெள்ளிக் கனிமமேதான் என்று துறை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான். நாளைக் காலை எல்லோர் முன்னாலும் கல்லைக் காட்டியாக வேண்டும். வெறுங்கையோடு போனால் மானம் கப்பலேறிவிடும்!

அவனுக்குப் பின்னால் வகுப்புத் தோழி பர்வீன். முன்னால் போக வேண்டிய வனக்காவலர் அவளுக்கும் பின்னால் வந்தார். ஏறக்குறைய இவர்கள் வயதுதான் அவருக்கும். பெயர் மாரப்பன் என்று பர்வீன் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சிகாமணிக்கு அவர் வெறும் 'வாட்ச்சர்'.

சுனை வந்தது. பாறையும் வந்தது!

"பர்வீன்! அங்க பாரு!"

கரும்பாறை வெயிலில் கண்ணாடியாக மின்னியது. சிகாமணி ஓடிப்போய்ச் சுத்தியலால் ஓங்கித் தட்டினான். கையளவு சில்லு பெயர்ந்து விழுந்தது. எடுத்துத் திருப்பினான். உடைந்த பக்கம் சொரசொரவென்று மங்கிக் கிடந்தது. உண்மையான வெள்ளிக் கனிமமாக இருந்தால் உடைத்த முகமும் மின்ன வேண்டும். முதல் ஆண்டுப் பாடம் அது. அவனுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும், பர்வீன் பார்ப்பதற்குள் சில்லைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க, இது ஆனை ஒரசற கல்லுங்க" என்றார் மாரப்பன். "சேத்துல பொரண்டுட்டு இங்க வந்துதான் முதுகு தேய்க்கும். இடுப்புக்குக் கீழயும் எட்டடிக்கு மேலயும் மின்னுதுங்களா பாருங்க."

மின்னவில்லைதான்.

"சேத்து மணல் தேச்சுத் தேச்சு வழவழன்னு ஆயிருக்கும்" என்றாள் பர்வீன். "வழவழப்பா இருந்தா வெளிச்சம் ஒரே பக்கமாத் திரும்பி மின்னும். சொரசொரப்பா இருந்தா நாலா பக்கமும் சிதறி மங்கிடும். ரெண்டும் ஒரே கல்லுதான் சிகா!"

"வாட்ச்சர், நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவதுங்க."

"நான் மூணு வருஷமா கல்லைத்தான் படிக்கிறேன். குனியுங்க, மேல நல்ல கனிமம் இருக்கும்."

"சீக்கிரம் முடிச்சுக்குங்க. அது வர்ற நேரமாச்சு" என்று மாரப்பன் குனிந்தார். சிகாமணி பூட்ஸ் காலோடு அவர் தோளில் ஏறினான்.

சுத்தியலை ஓங்கினான். மடார்! புதருக்குள் ஒரு கிளை முறிந்தது. சேறு சொட்டச் சொட்ட ஒரு கொம்பன் யானை!

சிகாமணி குதித்தான். குதித்த வேகத்தில் மாரப்பனின் கணுக்காலை மிதித்தான். "அம்மா!" என்ற அலறல் காதில் விழுந்தது. விழுந்தும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினான்!

நூறடி தள்ளி ஒரு வேங்கை மரத்துக்குப் பின்னால் நின்றுதான் எட்டிப் பார்த்தான். பாறையின் அடியில் இருந்த பிளவுக்குள் பர்வீன் மாரப்பனை இழுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் உள்ளே ஒடுங்கியதும் யானை வந்துசேர்ந்தது. பாறையில் விலாவைச் சாய்த்து, சர்... சர்... என்று நிதானமாகத் தேய்த்தது. சேறு வழிந்து விழ, ஈரப் பாறை இன்னும் பளபளத்தது.

அவன் தேடி வந்த வெள்ளி அதுதான். அதற்கு நேர் கீழே, ஒரு முழ இடைவெளியில், அவன் விட்டுவிட்டு ஓடிவந்த இரண்டு உயிர்கள். அவர்களிடம் போ என்று மனம் சொன்னது, கால் நகரவில்லை. சிகாமணிக்குத் தன்னை நினைத்து அப்படியொரு வெட்கம் அதற்கு முன் வந்ததே இல்லை.

யானை போன பிறகுதான் அவனால் நடக்க முடிந்தது. பர்வீன் அவன் முகத்தையே பார்க்கவில்லை.

"நல்லவேளைங்க, நீங்களாச்சும் தப்பிச்சீங்க" என்றார் மாரப்பன். அவர் அதை உண்மையாகவே சொன்னார். அதற்குப் பதில் அவனை இரண்டு அறை விட்டிருக்கலாம்!

வீங்கிய காலோடு அவரால் நடக்க முடியவில்லை. சிகாமணி அவரை முதுகில் தூக்கிக்கொண்டான். பர்வீன் முன்னால் வழி பார்த்துக்கொண்டு நடந்தாள். ஆற்றைக் கடக்கும்போது அவன் மெதுவாகக் கேட்டான்:

"ஏனுங்க... உங்க பேரு என்னங்க?"

முதுகிலிருந்து பதில் வந்தது. "மாரப்பனுங்க."

மறுநாள் காலை துறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சிகாமணி சில்லை மேசைமேல் வைத்தான். மின்னும் பக்கம் தெரிந்ததும் கைதட்டல் எழுந்தது. அவன் கல்லைத் திருப்பி வைத்தான்.

"இது வெள்ளி இல்ல, சாதாரணக் கருங்கல். ஆனை ஒரசி மின்னுது. கண்டு சொன்னவர் மாரப்பன், வனக்காவலர். அவர் காலை மிதிச்சுட்டு ஓடினவன் நான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.